வாலரன்ட் அணியின் சாப்பாடு, தூக்கம், மணிக்கட்டு வலி: எதை முதலில் மாற்றுவது?

கேள்வி
அணி மேலாளர், கோயம்புத்தூர்

அனைவருக்கும் வணக்கம். ஐவர் கொண்ட அணிகள் மோதும் வாலரன்ட் என்ற கணினித் துப்பாக்கி ஆட்டத்தை ஆடும் ஓர் அணியின் அன்றாடத்தைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு எட்டு மாதங்களாக என்னிடம் இருக்கிறது. ஐந்து ஆட்டக்காரர்கள், ஒரு மாற்று ஆட்டக்காரர், எல்லோரும் 18 முதல் 22 வயதுக்குட்பட்டவர்கள். சரவணம்பட்டிப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் ஒன்றாகத் தங்கி ஆடுகிறார்கள். போட்டிகளுக்குப் பதிவு செய்வதிலும், இணைப்பு அறுந்தால் ஆளைக் கூப்பிடுவதிலும், வீட்டுக்காரரைச் சமாளிப்பதிலும் எனக்குச் சிரமம் இல்லை. சாப்பாடும் தூக்கமும்தான் என் கையை மீறிப் போய்விட்டன.

நிலைமையை உள்ளபடியே சொல்லிவிடுகிறேன். ஸ்கிரிம் எனப்படும் பயிற்சி ஆட்டங்களை மாலை 4 முதல் 7 வரையும், பிறகு இரவு 9 முதல் 12 வரையும் வைத்திருக்கிறோம். அது முடிந்ததும் பயிற்சியாளர் ஆட்டப் பதிவுகளை ஓட்டிக் காட்டி அரை மணி நேரம் தவறுகளை அலசுவார். அத்துடன் படுக்கப் போக வேண்டியவர்கள், 'ஒரே ஒரு ரேங்க் ஆட்டம்' என்று, அதாவது தனிப்பட்ட தரவரிசைக்காக, மறுபடியும் உட்கார்ந்து விடியற்காலை 4 மணி வரை எழுந்திருப்பதில்லை. சமையல் செய்யும் அக்கா காலை 7 மணிக்கு வந்து இட்லியோ பொங்கலோ வைத்து, மதியத்துக்குச் சோறு, சாம்பார், பொரியல் எல்லாவற்றையும் முடித்து 10 மணிக்குக் கிளம்பிவிடுகிறார். பையன்கள் எழுவது மதியம் 1 மணிக்கு. ஹாட்பாக்ஸில் ஐந்து மணி நேரம் வியர்த்துக் கிடந்த இட்லியை யார்தான் விரும்பிச் சாப்பிடுவார்கள்? ஏதோ இரண்டு வாய் சோற்றைத் தின்றுவிட்டு ஆட உட்கார்ந்து, உண்மையான பசியை இரவு 1 மணிக்கு ஆப்பில் வரவழைக்கும் புரோட்டாவிலும் சிக்கன் ரைஸிலும் தீர்த்துக்கொள்கிறார்கள். குப்பை எடுக்க வரும் அம்மா போன வாரம் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, 'இங்கே கூல்டிரிங்க்ஸ் ஏஜென்சி வச்சிருக்கீங்களா தம்பி?' என்று கேட்டார். அன்றுதான் எனர்ஜி டிரிங்க் டின்களை எண்ணிப் பார்த்தேன்: ஒரு வாரத்தில் 61.

இப்போது எழுதக் காரணம், மூன்று வாரமாக எங்கள் டூயலிஸ்ட், அதாவது முதலில் பாய்ந்து சண்டையைத் தொடங்கும் ஆட்டக்காரர், வலது மணிக்கட்டு வலிக்கிறது என்கிறார். ஸ்பிரே அடித்து, ஒரு பட்டையைச் சுற்றிக்கொண்டு ஆடுகிறார். இன்னொருவர் ஆறு மாதத்தில் ஒன்பது கிலோ கூடிவிட்டார். மாற்று ஆட்டக்காரரோ ஒரு வேளைதான் சாப்பிடுகிறார், எலும்பும் தோலுமாக இருக்கிறார். மூன்று மேப், அதாவது மூன்று ஆட்டக்களங்கள், வரை போகும் ஆட்டங்களில் மூன்றாவது மேப்பில் தோற்பது எங்களுக்கு வாடிக்கையாகிவிட்டது. மனஉறுதி போதவில்லை என்று பயிற்சியாளர் சொல்கிறார். உடம்பு போதவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜிம்முக்கு மூன்று மாதக் கட்டணம் கட்டிப் பார்த்தேன். நான்கு நாள் போனார்கள். ஆகவே பொதுவான அறிவுரையை நான் கேட்கவில்லை. இந்தச் சமையலறையையும் இந்த நேர அட்டவணையையும் வைத்துக்கொண்டு எதை முதலில் மாற்றுவது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் போதும். ஆறு பேரின் சாப்பாட்டுக்கும் சேர்த்து மாதம் 30,000 ரூபாய்க்கு மேல் ஒதுக்க இயலாது.


பதில் 1
இயன்முறை சிகிச்சையாளர், மதுரை

வணக்கம். மணிக்கட்டு வலி என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம். கட்டைவிரலின் அடிப்பக்கம் வலித்து, கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும்போது சுளீரென்று இழுத்தால், கட்டைவிரலை இயக்கும் தசைநாண்களின் உறை தடித்திருக்கலாம். டி குவர்வேன் என்று அதற்குப் பெயர். கைபேசியில் ஆடுபவர்களிடம் அதை அதிகம் பார்க்கிறேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மரத்துப்போய், நடு இரவில் கையை உதறிக்கொண்டு எழுந்திருக்க நேர்ந்தால் கார்ப்பல் டனல் என்று சந்தேகிக்கலாம். சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் மரத்தால், நரம்பு நசுங்குமிடம் முழங்கையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முன்கையின் மேற்பக்கம் முழுவதும் கனத்து வலித்தால், மவுஸின் மேல் கையை மணிக்கணக்கில் தூக்கி நிறுத்தியிருக்கும் தசைகளும் அவற்றின் தசைநாண்களும் ஓய்ந்துவிட்டன என்று கொள்ள வேண்டும். இணையத்தில் எல்லா வலிக்கும் கார்ப்பல் டனல் என்ற ஒரே பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். என்னிடம் வரும் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது இந்தக் கடைசி வகைதான்.

இந்த வகை வலிக்கு வெறும் ஓய்வு தீர்வாகாது. பத்து நாள் ஆடாமல் இருப்பார், வலி போய்விடும்; பதினோராம் நாள் பழையபடி எட்டு மணி நேரம் உட்காருவார், வலி வீடு தேடி வந்துவிடும். தசைநாண் தாங்கும் சுமையைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். முன்கையை மேசைமேல் கிடத்தி, உள்ளங்கை தரையைப் பார்க்க, கை மட்டும் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி வைத்து, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மெதுவாக மேலே தூக்கி, அதைவிட மெதுவாகக் கீழே இறக்கச் சொல்லுங்கள். பதினைந்து முறை, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். இலேசான வலி இருந்தால் தொடரலாம். மறுநாள் காலையிலும் வலி தங்கியிருந்தால் எடையைக் குறைக்க வேண்டும். பேஸ்பால் வீரர்கள் செய்யும் இன்னொன்றும் உண்டு: ஒரு பக்கெட்டில் பாதிக்கு மேல் அரிசியைக் கொட்டி, மணிக்கட்டு வரை கையைப் புதைத்து, விரல்களை விரித்தும் மூடியும் திருகியும் இரண்டு நிமிடம் வேலை வாங்குவது. ரேஷன் அரிசி போதும். அந்த அரிசியைத் தயவுசெய்து உலையில் போட்டுவிடாதீர்கள்.

சென்ற ஆண்டு ஓர் அணியின் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து மூன்று மணி நேரம் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றின் தொடக்கத்திலேயே சுடப்பட்டு வெளியேறிய பையன், கூட்டாளிகளின் ஆட்டத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நிமிடம் முழுவதும் மவுஸைப் பிடித்த பிடியை விடவே இல்லை. விரல் நகங்கள் வெளுத்திருந்தன. அவன் செய்ய வேண்டிய வேலை எதுவும் அந்த நேரத்தில் இல்லை. ஒரு சுற்றுக்கு 100 விநாடி, அடுத்த சுற்றுக்கு ஆயுதம் வாங்க 30 விநாடி என்று ஓடும் ஆட்டத்தில் இப்படிச் சும்மா கிடக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு மாலையில் கணிசமாக வரும். 'செத்தால் கையை மடியில் போடு' என்று அவர்களுக்கு ஒரு விதி போட்டேன். நான் அந்த அணிக்குச் சொன்னவற்றில் அவர்கள் இன்றுவரை கடைப்பிடிப்பது அது ஒன்றைத்தான்.

மூன்றாவது மேப் பற்றி உங்கள் சந்தேகம் வீணானது அல்ல. நியூயார்க் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இரண்டு மணி நேர ஆட்டத்தின் நடுவே ஆறு நிமிடம் நடந்துவிட்டு வந்தவர்கள், இடைவிடாமல் ஆடியபோது இருந்ததைவிடத் திட்டமிடும் சோதனையில் வேகமாக முடிவெடுத்தார்கள். ஆறு நிமிடம் என்பது உங்கள் வீட்டு மாடிப்படியில் நாலைந்து தடவை ஏறி இறங்கும் நேரம். அதே நிறுவனத்தார் 2019-இல் அமெரிக்க, கனடியக் கல்லூரி ஆட்டக்காரர்கள் 65 பேரிடம் விசாரித்தபோது, கண் சோர்வு 56 விழுக்காட்டினருக்கும், கழுத்து, முதுகு வலி 42 விழுக்காட்டினருக்கும், மணிக்கட்டு வலி 36 விழுக்காட்டினருக்கும் இருந்தது. மருத்துவரிடம் போனவர்கள் 2 விழுக்காடு மட்டுமே. உங்கள் டூயலிஸ்ட் ஸ்பிரேயும் பட்டையுமாகக் காலம் தள்ளுவது உலக வழக்கம்தான் போலும். அந்தப் பட்டையை முதலில் கழற்றச் சொல்லுங்கள். அது இருக்கும் தைரியத்தில் கூடுதலாக ஆடுகிறார்.


பதில் 2
முன்னாள் ஆட்டக்காரர், தற்போது பயிற்சியாளர், சென்னை

மேலே எழுதியவர் சொன்ன பயிற்சிகளில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் விடியற்காலை 4 மணிக்குப் படுத்து 1 மணிக்கு எழுபவர் பாட்டிலையும் தூக்கமாட்டார், படியும் ஏறமாட்டார் என்பதை என் உடம்பை வைத்தே சொல்ல முடியும். கவுன்டர்-ஸ்டிரைக் என்ற இன்னொரு துப்பாக்கி ஆட்டத்தை ஆடிய ஐந்து ஆண்டுகளில் சூரிய உதயத்தை நான் பார்த்ததெல்லாம் படுக்கப் போகும்போதுதான். தூக்கத்தை முதலில் பிடியுங்கள். பசி தானாகவே தன் நேரத்துக்கு வந்து சேரும்.

அதற்காக 10 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழும்படி யாரும் உங்களிடம் சொன்னால் கேட்காதீர்கள். போட்டிகள் மாலையிலும் இரவிலும் நடக்கும்போது, ஆட்டக்காரனின் மூளை கூர்மையாக இருக்க வேண்டிய நேரமும் அதுவே. தென்கொரியத் தொழில்முறை அணிகளிலும் பயிற்சி பிற்பகலில் தொடங்கி நள்ளிரவைத் தாண்டும். அங்கேயும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் தொழில்முறை ஆட்டக்காரர்களின் தூக்கத்தைக் கைக்கருவி கட்டி அளந்த ஆய்வில், அவர்கள் 3 மணிக்கு மேல்தான் தூங்கினார்கள், சராசரியாக ஏழு மணி நேரம்கூடத் தூங்கவில்லை என்று தெரிந்தது. எனவே நேரம் தள்ளியிருப்பது பெரிய குற்றம் இல்லை. நாளுக்கு ஒரு நேரமாக அலைவதுதான் ஆளைக் கொல்கிறது. உங்கள் அணிக்கு 1.30-க்கு விளக்கணைப்பு, 9.30-க்கு எழுச்சி என்று வைத்து, ஞாயிற்றுக்கிழமையும் அதை மாற்றாதீர்கள். ரேங்க் ஆட்டத்தைத் தடை செய்தால் போர்வைக்குள் கைபேசியில் ஆடுவார்கள்; தடை செய்யாமல் அதைப் பகல் 12 முதல் 2 வரைக்கு இடம் மாற்றிவிடுங்கள். எழுந்ததும் முதல் பதினைந்து நிமிடம் மொட்டை மாடியில் வெயில் படும்படி நிற்கட்டும். உடம்பின் கடிகாரம் அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தன்னைத் திருத்திக்கொள்கிறது.

பையன்கள் உங்கள் பேச்சைக் கேட்காவிட்டால் ஊஸியின் கதையைச் சொல்லுங்கள். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற கணினி ஆட்டத்தில் சீனாவின் மிகப் பெரிய பெயர் அது. இயற்பெயர் ஜியான் ஸிஹாவ். 2018-இல் தன் அணிக்கு மிட்-சீசன் சர்வதேசப் போட்டிப் பட்டத்தை வென்று கொடுத்தார், அதே ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் காட்சிப் போட்டியாக வைத்த ஆட்டத்திலும் சீனாவுக்கு முதலிடம் பெற்றுத் தந்தார். 2020 ஜூன் மாதம், 23 வயதில், ஓய்வு பெறுவதாக எழுதினார். காரணமாக அவர் சொன்னவை நெடுநாள் மனஅழுத்தம், உடல் பருமன், ஒழுங்கில்லாத சாப்பாடு, இரவு விழிப்பு. இவற்றின் விளைவாக வந்த இரண்டாம் வகை நீரிழிவு. கைகளும் பழுதாகியிருந்தன. பிறகு திரும்பி வந்து ஆடினார் என்றாலும் பழைய இடம் கிடைக்கவில்லை. உங்கள் கடிதத்தில் இருக்கும் பட்டியலையும் அவர் சொன்ன பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு சொல்கூட மாறவில்லை.

அதே ஆட்டத்தில் தென்கொரியாவின் பெரிய நட்சத்திரமான ஃபேக்கரின் கதை வேறு மாதிரி. 2013-இல் களமிறங்கியவர், 2023-இல் கை வலி காரணமாகச் சில வாரங்கள் ஒதுங்கி உட்கார்ந்தார். அவர் இல்லாத நாட்களில் அவருடைய டி1 அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. ஆனாலும் கை தேறும் வரை அவரை இழுத்து வந்து உட்கார வைக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் சியோலில் உலகப் பட்டம் அவர்களுக்குத்தான். டென்மார்க்கின் அஸ்ட்ராலிஸ் அணி உடற்பயிற்சியாளரையும் உளவியலாளரையும் அமர்த்தி, தூக்கத்தையும் சாப்பாட்டையும் ஒழுங்குபடுத்தி, 2017 முதல் 2019 வரை கவுன்டர்-ஸ்டிரைக்கின் மிகப் பெரிய போட்டிகளான மேஜர்களில் நான்கு பட்டங்களை வென்றது. அப்படிப்பட்ட அணியிலேயே 2020-இல் இரண்டு பேர் மனஅழுத்தத்தாலும் களைப்பாலும் விடுப்பில் போனார்கள். ஆகவே ஏற்பாடுகள் இருந்தால் மட்டும் போதும் என்றும் நான் சொல்லமாட்டேன். ஆண்டு முழுவதும் இடைவிடாத போட்டி அட்டவணையை எந்த உடற்பயிற்சியாளராலும் ஈடுகட்ட முடியாது. நம் நாட்டில் 2022 டிசம்பரில் அரசு ஈஸ்போர்ட்ஸை, அதாவது போட்டியாக ஆடும் இந்த மின்னணு ஆட்டங்களை, விளையாட்டாக அங்கீகரித்தது. ஒரு கபடி அணியோடு போகும் பிசியோவைப் போல ஓர் ஆள் நம் அணிகளோடு வரும் நாள் எப்போது என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.


பதில் 3
உணவியல் வல்லுநர், திருச்சிராப்பள்ளி

தூக்கத்தை மாற்றினால் சாப்பாடு தானாகச் சரியாகும் என்பதில் எனக்குப் பாதிதான் சம்மதம். டின்கள் அந்த வீட்டில் இருக்கும்வரை தூக்கம் மாறாது. 250 மில்லி ரெட் புல் டின் ஒன்றில் 75 முதல் 80 மில்லிகிராம் காஃபீனும் 27 கிராம் சர்க்கரையும் இருக்கின்றன. காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். இரவு 10 மணிக்கு ஒரு டின் குடித்தவருக்கு 3 மணிக்கும் அரை டின் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது. சர்க்கரைக் கணக்கோ இன்னும் மோசம்: வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவை அந்த ஒரு டின்னே தாண்டிவிடுகிறது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபீன் வரை பாதகமில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கணித்திருக்கிறது; நம் ஊர் டின்களிலேயே நாளுக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். 61 டின்களை ஆறு பேருக்கும் ஏழு நாளுக்கும் வகுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை வரும். ஆனால் எல்லோரும் சமமாகக் குடிப்பதில்லை. நாளுக்கு நாலு டின் குடிப்பவர் யார் என்று கண்டுபிடியுங்கள். மூன்றாவது மேப்பில் கை நடுங்குவதும் அவருக்குத்தான் இருக்கும்.

திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாள் தலைவலி மண்டையைப் பிளக்கும். வாரத்துக்கு வாரம் பாதியாகக் குறையுங்கள். மாலை 4 மணிக்கு ஒரு டம்ளர் ஃபில்டர் காபி இருக்கட்டும், அதோடு அன்றைய காஃபீன் முடிந்தது என்று வையுங்கள். இரவு ஆட்டத்துக்கு இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் தட்டிப் போட்ட நீர்மோர் போதும். ஆட்டக்காரர்கள் தண்ணீரைத் தவிர்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு, அதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள்: நடு மேப்பில் கழிப்பறைக்கு எழ முடியாது. மேப்புக்கு முன்னால் ஒரேயடியாகக் குடிக்காமல், பகல் முழுவதும் குடித்துவிட்டு, ஆட்டத்தின்போது சிறு மிடறுகளாக வைத்துக்கொண்டால் அந்தச் சிக்கல் வராது.

ஒரு தவறான நம்பிக்கையை இங்கேயே கிள்ளிவிட விரும்புகிறேன். ஆடும்போது இதயத்துடிப்பு எகிறுகிறது, ஆகவே நாங்களும் ஓட்டக்காரர்களைப் போல எரிக்கிறோம், புரோட்டா சாப்பிடலாம் என்று என்னிடம் வரும் பையன்கள் வாதாடுவார்கள். பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் இதயத்தை விரட்டுகிறதே தவிர, நாற்காலியில் இருக்கும் தொடைத் தசைகள் எதையும் எரிக்கவில்லை. உட்கார்ந்தபடி ஆடும் ஒருவருக்கு, உட்கார்ந்து வேலை செய்பவருக்கு வேண்டிய அளவு சாப்பாடுதான் வேண்டும். அதேசமயம் ஆட்டக்காரர்கள் எல்லோரும் குண்டர்கள் என்ற பேச்சும் உண்மையல்ல. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2020-இல் 65 நாடுகளைச் சேர்ந்த 1,772 ஆட்டக்காரர்களை ஆராய்ந்தது. பொதுமக்களைவிட அவர்களில் சரியான எடையில் இருந்தவர்களே அதிகம். ஆனால் வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பு என்ற அளவை 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் எட்டவில்லை. எடை சரியாக இருப்பதும் உடம்பு நன்றாக இருப்பதும் ஒன்றல்ல. நம் மக்களுக்கு ஒல்லியாக இருக்கும்போதே சர்க்கரை நோய் எட்டிப் பார்க்கும். ஒன்பது கிலோ கூடியவருக்கும் எலும்பும் தோலுமானவருக்கும் ஒரே இரத்தப் பரிசோதனையைச் செய்யுங்கள்: வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹீமோகுளோபின், வைட்டமின் டி, பி12.

இனி சமையலறை. அக்காவின் நேரத்தை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். 9 மணிக்கு வந்து 12 மணிக்குப் போனால், 10 மணிக்கு எழுந்து வருபவர்களுக்குச் சூடாக நாலு இட்லியும் இரண்டு முட்டையும் தட்டில் விழும். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் புரதம் வேண்டும். நாலு இட்லியில் எட்டு கிராம், இரண்டு முட்டையில் பன்னிரண்டு. மதியம் கெட்டிப் பருப்பும் ஒரு கப் தயிரும், மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் சேர்ந்தால் புரதப் பொடி டப்பாவுக்குப் பணம் அழ வேண்டியதில்லை. இரவுச் சாப்பாட்டை இரண்டு ஸ்கிரிம்களுக்கும் இடையில், 7.15 மணிக்கு முடியுங்கள். குளிர்பெட்டியில் மாவு இருந்தால் தோசை வார்க்க அக்கா வர வேண்டுமா என்ன? அரை விநாடியில் எதிரியின் தலையைக் குறிபார்க்கத் தெரிந்தவனுக்குத் தோசையைத் திருப்பிப் போடத் தெரியாது என்றால் நான் நம்பமாட்டேன். நள்ளிரவில் பசித்தால் ஒரு டம்ளர் பாலும் பழமும். போட்டி நாளில் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே வழக்கமான சாப்பாட்டைப் பாதி வயிற்றுக்குச் சாப்பிட்டு, மேப்புகளுக்கு இடையில் ஒரு வாழைப்பழம் எடுத்துக்கொள்ளட்டும். அன்றைக்குப் பிரியாணி மட்டும் வேண்டவே வேண்டாம், கண் சொருகும்.


பதில் 4
ஓய்வு பெற்ற தட்டச்சு ஆசிரியர், கும்பகோணம்

இந்த விளையாட்டுகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. என் பேரன் ஆடுவதால் இங்கே வாசிக்க வந்தேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் தட்டச்சு நிலையம் நடத்தியவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சொல்லலாம் என்று தோன்றுகிறது. மணிக்கட்டை இயந்திரத்தின் விளிம்பில் ஊன்றி அடிக்கும் மாணவரை நாங்கள் ஸ்கேலால் தட்டுவோம். பாதம் இரண்டும் தரையில் படிய வேண்டும், முழங்கை உடம்பை ஒட்டியிருக்க வேண்டும், மணிக்கட்டு மிதக்க வேண்டும் என்பது முதல் நாள் பாடம். பேரனின் மேசையைப் பார்த்தேன். விசைப்பலகையைச் சாய்வாகத் திருப்பி வைத்து, ஒரு காலை நாற்காலிமேல் மடக்கி, முழு உடம்பையும் இடது முழங்கையில் தாங்கிக்கொண்டு ஆடுகிறான்.

இன்னொன்று, பழைய இயந்திரத்தில் வரி முடியப் போகும்போது மணி அடிக்கும். கையைத் தூக்கி நெம்புகோலைத் தள்ளி, அடுத்த வரிக்கு வர வேண்டும். தட்டச்சு முதுநிலைத் தேர்வுக்குப் பயிற்சி செய்பவர்கள் நாள்தோறும் மணிக்கணக்கில் அடித்தாலும், ஒவ்வொரு வரிக்கும் கை ஒருமுறை தளர்ந்து மீண்டது. கணினி வந்தபோது அந்த மணியை எடுத்துவிட்டார்கள். மதுரைக்காரர் சொன்ன 'கையை மடியில் போடு' என்ற விதியைப் படித்ததும் எனக்கு அந்த மணிச் சத்தம்தான் நினைவுக்கு வந்தது.


கேட்டவரின் மறுமொழி
அணி மேலாளர், கோயம்புத்தூர்

நான்கு வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி. அக்கா 9 மணிக்கு வரச் சம்மதித்துவிட்டார். தன் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருவது அவருக்கும் வசதி என்கிறார், இதை நான் முன்பே கேட்டிருக்கலாம். விளக்கணைப்பு 1.30 என்றால் உண்மையில் 2 மணி ஆகிறது. சனிக்கிழமைகளில் அதையும் மீறுகிறார்கள். டின்கள் இந்த வாரம் 19. டூயலிஸ்டுக்கு வலி முன்கையின் மேற்பக்கம்தான் என்று தெரிந்தது. பட்டையைக் கழற்றிவிட்டார், பாட்டில் பயிற்சியை விடாமல் செய்கிறார், வலி பாதிக்குக் கீழே வந்திருக்கிறது. அரிசி பக்கெட் வேடிக்கையாகத் தொடங்கி, இப்போது ஸ்கிரிமுக்கு முன் யார் முதலில் கையை விடுவது என்ற போட்டியாகிவிட்டது. மாடிப்படி ஏறுவதற்கு மட்டும் ஒருவரும் மசியவில்லை. அதனால் இரண்டு ஸ்கிரிம்களுக்கு நடுவே தெருமுனைக் கடைக்குப் போய்த் தயிர் வாங்கி வரும் வேலையை ஆளுக்கொரு நாளாகக் கொடுத்திருக்கிறேன், போக வர பத்து நிமிடம் ஆகிறது. இரத்தப் பரிசோதனையில் எடை கூடியவருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. மருத்துவரிடம் அழைத்துப் போய்விட்டேன். மூன்றாவது மேப்பைப் பொறுத்தவரை, கடைசி ஐந்தில் இரண்டை வென்றோம். அதற்குள் காரணம் சொல்ல எனக்குத் துணிவில்லை.

மதுரை ஐயாவிடம் ஒரு கேள்வி. எல்லோர் கையையும் விசாரித்தபோது, எடை கூடிய அதே ஆட்டக்காரர் தன் இடது சுண்டுவிரல் சில மாதங்களாகவே மரத்துப்போவதாக அப்போதுதான் சொன்னார். வலியில்லாததால் சொல்லவில்லையாம். அவர் விசைப்பலகைப் பக்கம் முழங்கையை ஊன்றித்தான் உட்காருகிறார். கும்பகோணம் ஐயா எழுதியதைப் படித்தபோதுதான் கவனித்தேன்.


பதில் 5
இயன்முறை சிகிச்சையாளர், மதுரை

முழங்கையின் உட்புறம் எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு மேசை விளிம்பில் நசுங்குகிறது என்றே நினைக்கிறேன். நாற்காலியை ஓர் அங்குலம் உயர்த்தி, முன்கை முழுவதும் மேசைமேல் படுக்கும்படி உள்ளே தள்ளி உட்காரச் சொல்லுங்கள். மேசை விளிம்பில் ஒரு துண்டை மடித்துக் கட்டுங்கள். தூங்கும்போது கையை மடக்கித் தலைக்குக் கீழே வைக்கிறாரா என்று பாருங்கள். அப்படியானால் முழங்கையைச் சுற்றி ஒரு துண்டைத் தளர்வாகக் கட்டிக்கொண்டு படுக்கட்டும், மடக்க வராது. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதால் அவருடைய மருத்துவரிடமும் இந்த மரத்துப்போதலைச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் இருக்கிறது என்கிறீர்கள், ஆகவே காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, நரம்புக் கடத்தல் சோதனை தேவையா என்று கேளுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் ஒரு தாளை அவர் இறுக்கிப் பிடிக்க, நீங்கள் இழுத்துப் பாருங்கள். வலது கையைவிட இடது கையில் எளிதாக உருவ வந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.